புடவை ஓரத்தில் ஒட்டி வந்தவை

வெளியே போய்விட்டு வருகிறவர்களை எல்லோரும் முகத்தில் பார்ப்பார்கள். அக்கா காலடியில் பார்ப்பாள். புடவையின் கீழ்க்கரை, வேட்டியின் ஓரம், பேன்ட் மடிப்பு, இவைதான் அவளுக்கு முகம். பார்த்துவிட்டுக் குனிந்து, இரண்டு விரலால் எதையோ கிள்ளி எடுப்பாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். அப்புறம் அதன் பெயரைச் சொல்வாள், வாசலில் வந்து நிற்கிற சொந்தக்காரரை உள்ளே கூப்பிடுகிற குரலில்.

"நாயுருவி."

கல்யாணமாகி நான் அந்த வீட்டுக்குள் கால் வைத்த அன்று என் பட்டுப்புடவையிலிருந்து அவள் எடுத்தது அதைத்தான். ஒரு கையில் ஆரத்தித் தட்டு, இன்னொரு கையில் நாயுருவி விதை. "கார வுட்டு எறங்கி வேலி ஓரமா போயி நின்னியா மே?" என்று என் காதோரம் கேட்டாள். எங்கள் பக்கம் பெண்ணைக் கூப்பிடுகிற சொல் அந்த ‘மே’. நின்றிருந்தேன். பட்டும் மாலையும் வெயிலுமாகச் சேர்ந்து வாந்தி வந்தது. யாருக்கும் தெரியாமல் போய் எடுத்துவிட்டு வந்திருந்தேன். இவளிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

அவள் என் மூத்த ஓரகத்தி, என் கணவருடைய அண்ணன் மனைவி. பெயர் சொல்லப் போவதில்லை. அவள் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறாள், நான் அவளுக்குச் செய்தது போதும். ஊர் பாகூர் பக்கத்தில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். தெருவிலேயே அகலமான வாசல் எங்களுடையதுதான், ஆனால் பெண்களுக்கு அது கோலம் போடுகிற அகலம் மட்டும்தான். "எங்க வூட்டுப் பொம்பளைங்க வரப்புல கால் வச்சதில்ல" என்று மாமியார், நான் அத்தை என்று கூப்பிடுகிறவர், வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வார். வரப்பில் கூலிக்கு வருகிற பெண்கள் நடக்கலாம். நிலத்துக்குச் சொந்தக்காரிகள் நடக்கக் கூடாது. இந்தக் கணக்கு, பி.எஸ்சி. கணிதம் படித்த எனக்கு இன்றுவரை புரிந்ததில்லை.

நான் பாண்டி டவுனில் வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த பூவெல்லாம் முழம் போட்டு விற்கிறவை. அக்கா பிறந்தது மணப்பட்டுப் பக்கம். லீவு நாளில் சவுக்குத்தோப்பில் ஆடு மேய்த்துவிட்டு, பள்ளிக்கூட நாளில் எங்கள் ஊர் ஏரிக்கரை வழியாகவே பாகூருக்கு நடந்து போய்ப் படித்தவள். அப்பா அம்மா போய்விட்டார்கள், அண்ணனோடு பேச்சில்லை. அதனால் தாய்வீடு என்று கிளம்பவும் வழியில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் தெருமுனைப் பிள்ளையார் கோயிலைத் தாண்டிப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. ஏரி அங்கிருந்து அரைமணி நேர நடைதான். அதுவும் கரும்புக்காட்டு நிழலில்.

தினமும் காலையில் மாட்டுக்குப் புல்லுக்கட்டு வரும். வேலைக்கார அம்மா கொல்லைக் கதவு வழியாக வந்து தொப்பென்று போடுவாள். மாடு வாய் வைப்பதற்குள் அக்கா உட்கார்ந்துவிடுவாள். மற்ற வீடுகளில் ஆம்பளைகள் பேப்பர் படிக்கிற நேரம் அது. அவளும் அப்படித்தான், ஒன்றுவிடாமல். "கழனி அறுத்தாச்சு போல, செருப்படை வந்துட்டுது." "இந்தக் கொழிஞ்சி நெழல்ல நின்னது, காம்பு எப்டி நீண்டுகெடக்குது பாரு." நீர்முள்ளி வந்தால் முள்ளுக்குப் பயந்து தனியாக எடுத்து வைப்பாள், மாட்டுக்கு அல்ல, அந்த ஊதாப் பூவுக்கு. விஷ்ணுகிரந்தி கிடைத்த அன்று சமையல் கால்மணி நேரம் தாமதமாகும். மூக்குத்திக் கல் அளவுதான் இருக்கும் அந்தப் பூ. பார்த்தால் நீலம் கண்ணில் குத்துகிற மாதிரி இருக்கும். அதை ஊறுகாய் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி மிதக்கவிட்டு அடுப்பு மேடையில் வைத்துக்கொள்வாள். மத்தியானத்துக்குள் மூடிக்கொண்டுவிடும்.

ஒருநாள் நான் போனில் படம் எடுத்து, செடிக்குப் பெயர் சொல்கிற ஆப் ஒன்றில் போட்டேன். அது வாயில் நுழையாத ஒரு பெயரைச் சொன்னது. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க நின்னுதுன்னு சொல்லுதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "அப்ப பாதிதான் தெரியுது அதுக்கு" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். ஒரு செடி எந்த மண்ணில், எந்த வெயிலில், எதன் பக்கத்தில் நின்றது என்பது அவளுக்குப் பெயரில் பாதி. ஆளைச் சொல்லும்போது ஊரையும் சேர்த்துச் சொல்வோமே, அப்படி.

இந்தச் சந்தோஷம்தான் ஒருமுறை அவளுக்கு அடி வாங்கிக் கொடுத்தது. நான் வருவதற்கு முன்னால் நடந்தது. வேலைக்கார அம்மா சொல்லித் தெரியும். அக்காவின் வீட்டுக்காரர், வீட்டில் பெரியவர் என்று சொல்கிறவர், மோட்டார் கொட்டகையில் இருந்ததாகச் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் வந்து சாப்பிட உட்கார்ந்திருக்கிறார். பரிமாற வந்தவள் வேட்டியில் எதையோ பார்த்துவிட்டுக் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாளாம். குனிந்து எடுத்து, கண் விரிய, "ராவணன் மீசை! எங்க ஊர் மணல்ல வர்றது" என்று சொன்னாளாம். கடற்கரை மணலில் கோரை மாதிரி குத்திக்கொண்டு நிற்கிற புல் அது. அதன் முள் உடைந்து துணியில் ஏறினால் இறங்காது. தாய்வீட்டிலிருந்து கடிதாசி வந்த மாதிரி இருந்திருக்கும் அவளுக்கு. மோட்டார் கொட்டகைக்கும் மணப்பட்டுக் கடற்கரைக்கும் எத்தனை மைல் என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தைக்கு உடனே தோன்றிவிட்டது. கூட்டாளிகளோடு குடிக்கப் போன விஷயம் வெளியே வந்தது. அன்றைக்கு அறை வாங்கியது என்னவோ அக்காதான்.

அதன் பிறகு அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். வீட்டில் யார் துணி அழுக்குக்கூடையில் விழுந்தாலும் அக்காவைக் கூப்பிடுவார். "இது இன்னா, பாத்துச் சொல்லு." அக்கா சொல்லுவாள். பொய் சொல்ல மாட்டாள். யாராக இருந்தாலும் மாட்டிக்கொள்வார்கள். களத்தில் நெல் காவலுக்கு இருந்தவர் எங்கே போனார், உரம் வாங்கப் போனவர் எந்த வழியாக வந்தார், எல்லாம் தெரிந்துவிடும். கூலிக்கு வருகிறவர்கள் அவள் எதிரே வந்தால் காலை உதறிக்கொண்டு போவார்கள். எனக்கும் அவளைக் கண்டால் பயமாகத்தான் இருந்தது. ஒருநாள் கோபத்தில் கேட்டே விட்டேன்.

"தெரியலன்னு சொல்லிட வேண்டியதுதானேக்கா. உங்க வாயால எத்தனை பேருக்கு வம்பு?"

"சின்னதுல ஒருத்தி எங்கிட்ட ஒரு தழையக் காட்டி, ஆட்டுக்குப் போடலாமான்னு கேட்டா" என்றாள். "தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கம். வாய்க்கு வந்த பேரச் சொல்லி, போடுன்னேன். சினை ஆடு மே அது. ரெண்டு நாள் வயிறு ஊதிக் கத்திக்கினே செத்துது. அவங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஆடுதான்." கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "மனுசாளப் பத்தி நான் எவ்ளோ வேணா பொய் சொல்லுவேன். செடியப் பத்திச் சொல்ல வராது."

இனி என் கதை. எனக்குக் குழந்தை இல்லை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அத்தை ஒரு வேண்டுதல் வைத்தார். ஒன்பது வெள்ளிக்கிழமை வில்லியனூர் கோயிலுக்குப் போய் நெய்விளக்கு போட்டுவிட்டு வர வேண்டும், தனியாக, நடுவில் விடாமல். சாமி புண்ணியத்தில் எனக்கு ஒன்பது வெள்ளிக்கிழமை கதவு திறந்தது.

வில்லியனூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை காலி இருந்தது. போனிலேயே பேசினேன். எங்கள் ஊரிலிருந்து நேரத்துக்குப் பஸ் கிடையாது, வண்டி ஓட்டத் தெரிந்தால் வாருங்கள், பங்குனி கடைசியில் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டுங்கள், ஜூனில் சேரலாம் என்றார்கள். என் கணவரிடம் சொன்னேன். "அம்மா சரின்னா சரி" என்றார். அத்தையிடம் இப்போதே சொன்னால் நடக்காது. முதலில் வண்டி பழக வேண்டும், வேலை கையில் வர வேண்டும், அப்புறம் சொல்ல வேண்டும். நடுவில் தெரிந்தால் கதவு மூடிவிடும். அந்த வீட்டில் மூடிய கதவு எத்தனை வருஷத்துக்கு மூடும் என்று அக்காவைப் பார்த்தே எனக்குத் தெரியும்.

காலேஜில் என்னோடு படித்த தோழி ஒருத்தி பாகூர் கடைத்தெருவில் இருந்தாள். அவள் வாப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அவளிடம் ஸ்கூட்டி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் நான் பஸ் ஏறி, வில்லியனூர் போகாமல் பாகூரில் இறங்கிவிடுவேன். அவள் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு ஆளில்லாத ஏரிக்கரைக்கு வருவாள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் கரைதான், ஆனால் கரும்புக்காடு மறைத்துக்கொள்ளும். மண்பாதையில் நான் வண்டியோடு விழுவேன், எழுவேன், புதருக்குள் போய்ச் செருகுவேன். திரும்பும்போது அவளே கடைத்தெருவில் குங்குமப் பொட்டலம் வாங்கி, "இந்தா, அம்மன் குடுத்தாங்க" என்று என் கையில் வைப்பாள். "ஒன்பது வாரத்துல வண்டி வரலன்னா அம்மன் மேலயும் என் மேலயும் குத்தம் இல்ல, ஒன் இடுப்பு மேலதான் குத்தம்" என்பாள்.

தை மாசத்துக் கடைசி வெள்ளி, முதல் வாரம். குங்குமத்தோடு வீட்டுக்குள் நுழைகிறேன். அத்தை முகத்தைப் பார்த்து, "நல்லா தரிசனமா?" என்று கேட்டார். அக்கா காலடியைப் பார்த்தாள். அவள் குனிந்து, கணுக்கால் பக்கம் புடவைக் கரையிலிருந்து ஒன்றை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள். பெயர் சொல்லவில்லை.

அடுக்களையில் தனியாக இருக்கும்போது கையைத் திறந்து காட்டினாள். ரோமம் மாதிரி முள்ளோடு ஒரு குட்டிக் காய். "ஒட்டுத்துத்தி" என்றாள். "ஈரமும் நெழலும் இருந்தாத்தான் வரும். பூ ரோஸ் கலர்ல இருக்கும். வில்லியனூர் பஸ் ஸ்டாண்டுல ஏது மே இது?" எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை, பயமுறுத்தவில்லை. கலங்கலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் கேட்டாள். ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிகிற இடத்தைத்தான் கலங்கல் என்கிறார்கள் என்று கூட எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நான் வந்ததும் அடுக்களையில் ஒரு காலை முக்காலியில் தூக்கி வைத்து நிற்பேன். அவள் தரையில் உட்கார்ந்து என் புடவைக் கரையை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். எனக்கு அது விதை. அவளுக்கு வழி. "இங்க எறங்கியிருக்கே. இங்க உழுந்திருக்கே. இங்க தண்ணி கிட்ட போயிருக்கே, பொடுதல நசுங்கின வாசன வருது." ஏரியில் தண்ணீர் எதுவரை வற்றியிருக்கிறது என்பதை என் செருப்புச் சேற்றில் பார்த்தாள். நான்காவது வாரத்திலிருந்து நானே அவளுக்காக எதையாவது கிள்ளி முந்தானையில் முடிந்து வர ஆரம்பித்தேன். தும்பை, ஆவாரை, வேலிப்பருத்திக் காய். முடிச்சை அவிழ்க்கும்போது அவள் விரல் அவசரப்படும். அவளைப் பார்த்துப் பயந்தது போய், அவளுக்காக வெள்ளிக்கிழமையை எண்ண ஆரம்பித்தேன். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே ஆள் அவள்தான் என்று அப்போது தோன்றியது. அது உண்மையும்கூட.

ஒன்பதாவது வெள்ளி பங்குனியில் வந்தது. திங்கட்கிழமை மாதிரி வகுப்பு. அன்று அத்தை மதகடிப்பட்டில் ஒரு வளைகாப்புக்குக் காலையிலேயே போய்விட்டார். நான் விழாமல் கரையில் மூன்று முறை போய் வந்தேன். கலங்கல் பக்கத்தில் ஒரு பெரிய மரத்தடியில் வெளேரென்று, சதைப்பற்றாக, பூ கொட்டிக் கிடந்தது. இனிப்பும் புளிப்புமாக ஒரு மணம், தலை கிறுகிறுத்தது. என்ன என்று தெரியாமலே ஒரு கை அள்ளி முடிந்துகொண்டேன்.

அக்கா முடிச்சைப் பார்க்கவே இல்லை. நான் வாசல்படி ஏறும்போதே, "இலுப்ப பூத்துட்டுது. பங்குனி வந்தாத்தான் பூக்கும் அது" என்றாள். அன்றைக்கு அவள் ஒரு பூவை வாயில் போட்டுக்கொண்டாள். எனக்கும் ஒன்று ஊட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றுகொண்டே, "ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரைம்பாங்க" என்று சொல்லிச் சிரித்தாள். மிச்சத்தைச் சொம்பால் கவிழ்த்து மூடி வைத்தாள். அதைத்தான் நாங்கள் செய்திருக்கக் கூடாது. அந்த மணத்தைச் சொம்பு மூடுமா?

அத்தை சாயங்காலம் வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். நேராக அடுக்களைக்கு வந்து சொம்பைத் தூக்கினார்.

"இது இன்னா?"

நாங்கள் இரண்டு பேரும் நின்றிருந்தோம். பெரியவர் வாசற்படியில் வந்து நின்றார். அத்தை என்னைப் பார்த்தார். "நீ வில்லியனூர்தானே போனே?"

"ஆமா அத்தை."

அத்தை அக்கா பக்கம் திரும்பினார். நான் சொன்னதை அவர் நம்பவில்லை என்பது அந்தத் திரும்பலிலேயே தெரிந்தது. "நீ சொல்லுடி. நீதான் பொய் சொல்ல மாட்டியே. இது இன்னா, எங்கேர்ந்து வந்தது?"

புல்லுக்கட்டில் வந்தது என்று சொல்லியிருக்கலாம். கோயில் வாசலில் விற்றார்கள் என்று சொல்லியிருக்கலாம். நான் மனசுக்குள் அவளுக்கு வாக்கியம் வாக்கியமாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அவள் செடியைப் பற்றிப் பொய் சொல்ல மாட்டாள், எங்கே நின்றது என்பதையும் சேர்த்து. திங்கட்கிழமை போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

"இலுப்பப்பூ அத்தை. ஏரிக்கரை. கலங்கலாண்ட நிக்கற மரம்."

"யாரு போனது?"

"நாந்தான்."

ஒரு மூச்சு நேரம்கூட அவள் யோசிக்கவில்லை. அத்தை சொம்பைக் கீழே வைத்தார். அப்புறம், "எப்டிப் போனே?" என்றார்.

அக்கா சொன்னாள். நீங்க கெளம்புனதும் கொல்லக் கதவால போனேன். கரும்புக்காட்டு வண்டிப்பாட்டையில கொழிஞ்சி ரெண்டு பக்கமும் ஊதாவா பூத்துக்கெடந்துது. மேட்டுல விஷ்ணுகிரந்தி, மெதிக்காம ஓரமா போனேன். கரை ஏறுனா நாயுருவி, அதத் தாண்டி நெழல்ல ஒட்டுத்துத்தி. தண்ணி கரையவுட்டு நாப்பது அடி உள்ள போயிட்டுது, சேறு வெடிக்க ஆரம்பிச்சிருக்குது, அதும்மேல பொடுதல படந்துகெடக்குது. இலுப்பைக்கு எல பூரா கொட்டி, பூவு மட்டும் இருந்துது. வேர்மேல ஒக்காந்து நாலு தின்னேன். எடுத்துக்கினு வந்தேன்.

ஒன்பது வாரம் என் புடவையிலிருந்து பொறுக்கியதை, பதினாலு வருஷத்துக்கு முன்னால் நடந்த பாதையில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள். போனவள் நான். எனக்கே அவள்தான் போனாள் என்று தோன்றியது.

"யாரப் பாக்கப் போனே?" என்றார் பெரியவர்.

"இலுப்பையப் பாக்க."

அதை யாரும் நம்பவில்லை. போனதை நம்பினார்கள், போன காரணத்தை நம்பவில்லை. ஒரு பொம்பளை மரத்தைப் பார்க்கவா ஏரிக்கரைக்குப் போவாள்? அப்புறம் அவர்கள் கேட்ட கேள்விகளை நான் எழுத மாட்டேன். நான் பக்கத்தில்தான் நின்றேன். "நான்தான் போனேன்" என்கிற ஒரு வார்த்தை என் தொண்டையில் இருந்தது. திங்கட்கிழமையும் இருந்தது. வார்த்தையை விழுங்கினேன். அன்றைக்கு நான் சின்னப் பிள்ளை இல்லை, இருபத்தேழு வயசு. தெரிந்துதான் விழுங்கினேன்.

கொல்லைக் கதவுக்குப் பூட்டு வந்தது. புல்லுக்கட்டைத் தெருப்பக்கம் மாட்டுக்கொட்டகையிலேயே போட்டுவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். வேலைக்கார அம்மா உள்ளே வருவது நின்றது. பெரியவர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். துணி பார்க்கச் சொல்லிக்கூட அத்தை அவளைக் கூப்பிடவில்லை. அந்தத் திங்கட்கிழமை, பல்வலி என்று சொல்லிவிட்டுப் போய் நான் பின்னங்களைப் பற்றி வகுப்பெடுத்தேன். நன்றாக எடுத்ததாகச் சொன்னார்கள்.

வேலைக் கடிதம் வந்ததும் என் கணவர் ஆச்சரியமாக என் பக்கம் நின்றார். ஒரு பெரிய சண்டை, மூன்று நாள் பட்டினி, கடைசியில் வில்லியனூரில் வாடகைக்கு வீடு. பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா வந்து கதவோரம் நின்றாள். அதுவரைக்கும் அவள் எதுவுமே கேட்டதில்லை, என்னிடம் என்றில்லை, யாரிடமும்.

"ஏமே, வண்டி வாங்குனதும் ஒரு நாளு என்ன அங்க கூட்டினு போ. பத்து நிமிசம் போதும்."

"ஏங்க்கா?"

"போனேன்னு சொல்லிட்டேன். போவாத எடத்துல அது பூத்துக்கெடந்துது, இது மொளச்சிருந்துதுன்னு சொல்லிட்டேன். கண்ணால பாக்காமச் சொன்னது உறுத்திக்கினே கீது. போயிப் பாத்துட்டா, நான் சொன்னது செரியாப்பூடும்."

"அடுத்த வாரமே வர்றேங்க்கா" என்றேன்.

வண்டி வாங்கினேன். பள்ளி திறந்தது. முதல் பருவத் தேர்வு, பேப்பர் கட்டு, அப்புறம் நான் உண்டானேன், பெண் பிறந்தாள். அத்தை, தன் வேண்டுதல் பலித்தது என்று ஊரெல்லாம் சொன்னார். இவையெல்லாம் காரணங்களா என்றால் இல்லை. அக்காவைக் கூட்டிப் போக வேண்டுமென்றால் அத்தை முன்னால் நின்று, அன்றைக்குப் போனது நான் என்று சொல்ல வேண்டியிருக்கும். கஷ்டப்பட்டுத் திறந்த கதவு திரும்ப மூடிவிடுமோ என்ற பயம் வேலைக்குப் போன பிறகும் போகவில்லை. வாராவாரம் தோழியைப் பார்க்க ஏரிக்கரையில் வண்டி ஓட்டிப் போனேன். அந்த வீட்டுக்குப் பிரிகிற திருப்பம் வந்தால் வேகமாக ஓட்டினேன்.

மூன்று வருஷம் கழித்து ஒரு தீபாவளிக்குப் போனபோது, சொல்லிவிட்டேன். அத்தைக்கு அதற்குள் முட்டி போய்விட்டது, சர்க்கரை ஏறிவிட்டது, நாற்காலியோடு சரி. "அன்னிக்கு ஏரிக்கரைக்குப் போனது நான் அத்தை. வண்டி பழகப் போனேன்" என்றேன். மூன்று வருஷமாக நான் பயந்த வார்த்தை. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "போனா போன, இப்ப இன்னா அதுக்கு" என்றார். எனக்கு அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. "அக்காவ வண்டியில ஏரி வரைக்கும் கூட்டினு போறேன்" என்றேன். "கூட்டினு போயேன், யாரு வேணான்னா" என்றார்.

ஓடினேன். அக்கா அடுக்களையில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. வண்டிச் சாவியைக் காட்டினேன். "கெளம்புங்கக்கா. அத்தையே போகச் சொல்லிட்டாங்க."

அவள் கையை உதறி எழுந்தாள். புடவையைச் சரி செய்தாள். வாசல் வரைக்கும் வந்தாள். வண்டியைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் திரும்பி அடுக்களைக்கே போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வேணாம்மே."

"நீங்கதானேக்கா கேட்டீங்க? சொன்னது சரியாகணும்னு."

"அது அப்ப." பாத்திரத்துக்குள் கையை விட்டு அரிசியை அளைந்தாள். "கதவப் பூட்டுனப்புறம் எனக்கு வேற வேலை இல்ல. அன்னிக்கு நான் எப்டிப் போனேன், எங்க கால் வச்சேன், எங்க ஒக்காந்தேன்னு தெனம் நெனச்சுப் பாப்பேன். நெனச்சு நெனச்சு, இப்ப நான் போனவதான்மே. வேர்மேல ஒக்காந்தது தொடையில அழுத்துது எனக்கு. நேர்ல போனா, நான் போவலன்னு ஆயிடும். அது வேணாம். எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்."

நான் முக்காலியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்கலாம். கேட்டால் அவள் ஒன்றுமில்லை என்று சொல்லிவிடுவாள், எனக்கு எளிதாகப் போய்விடும். அதனால் கேட்கவில்லை.

அவளே தலையைத் தூக்கினாள். "நீ அந்தப் பக்கம் போறதான? இலுப்ப எப்டி கீது?"

இலுப்பை இல்லை. போன வருஷக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. நான்கு நாளில் அறுத்து எடுத்துப் போய்விட்டார்கள். அந்த இடத்தில் ஒரு பள்ளம்தான் இருக்கிறது. புல்லுக்கட்டோடு வருகிற வேலைக்கார அம்மா உள்ளே வந்துகொண்டிருந்தால் மறுநாளே சொல்லியிருப்பாள். இப்போது வீட்டில் அவளுக்குச் சொல்ல ஆளில்லை. நான் அவளுக்குப் பட்டிருந்த கடன் அவ்வளவையும் ஒரு பொய்யில் அடைத்துவிடலாம் என்று நினைத்தேன் போல. மனசாரத்தான் சொன்னேன்.

"நல்லா இருக்குக்கா. அப்படியே இருக்கு. கீழ பூவா கொட்டிக் கெடக்குது."

பாத்திரத்தில் அவள் கை நின்றது.

"ஐப்பசியிலயா மே?" என்றாள்.

அவள் என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்க்கவில்லை. பிறகு களைந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றினாள், ஒரு அரிசிகூட விழாமல். அடுப்பைப் பற்ற வைத்தாள். உலை கொதிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தோம்.